சுவரில் துளையிட அஞ்சுகிறவர்களுக்கு: சிங்கப்பூர் வீடுகளுக்கான முழு வழிகாட்டி

குடிவந்து ஆண்டுகள் ஓடிய பிறகும் தாத்தா பாட்டி படம் சுவரேறாமல் அலமாரி மேல் சாய்ந்து நிற்கும் வீடுகள் இங்கே ஏராளம். டிரில் வாங்கிவிட்டுப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்களும் உண்டு. ஏன் என்று கேட்டால் காரணங்கள் அடுக்கடுக்காக வரும். உள்ளே மின்கம்பி ஓடுமோ, தண்ணீர்க் குழாய் உடைந்துவிடுமோ, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கேள்வி கேட்குமோ, பூச்சு பெயர்ந்து சுவர் அலங்கோலமாகிவிடுமோ, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்களோ. ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, சுவரில் கைவைக்கவே கூடாது என்று முடிவுகட்டிவிடுவதுதான் சிக்கல்.

இந்தப் பயங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில பயங்கள் கடைசிவரை உங்களோடு இருக்க வேண்டியவை. அவற்றைத் துணிச்சல் என்ற பெயரில் உதறிவிடக் கூடாது. மற்றவை அரை மணி நேர வேலையில் கரைந்துபோகும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துளையை அடைக்கத் தெரிந்தவருக்குத் துளையிடப் பயம் வராது. அதனால் இங்கே அடைக்கும் பாடம் முதலில் வரும், துளையிடும் பாடம் பிறகுதான்.

முதல் படி: நீங்கள் செய்யப்போவது எந்த வேலை?

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஹோட்டல் நியூ வோர்ல்ட் கட்டடம் 1986 மார்ச் 15ஆம் தேதி இடிந்து விழுந்ததை நம் மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆறு மாடிக் கட்டடம் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். சுவரைத் தொட்டாலே கட்டடத்துக்கு ஆபத்து என்ற எண்ணம் அந்தத் தலைமுறையிடம் ஊறியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் விசாரணையில் தெரியவந்த முக்கியக் காரணம் வேறு: கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். தூண்கள் தாங்க முடியாத பாரத்தைத் தொடக்கத்திலிருந்தே சுமந்துகொண்டிருந்தன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கட்டடத்தின் உயிர் தூண், உத்தரம், தளம், கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஆகியவற்றில் இருக்கிறது. அவற்றை உடைப்பதற்கும், அவற்றின் மேற்பரப்பில் திருகாணிக்காக 6 மில்லிமீட்டர் துளை போடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ஆகவே வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படம், பலகை, திரைச்சீலைக் கம்பி, தொலைக்காட்சி ஆகியவற்றை மாட்டுவதற்கான சிறு துளை முதல் வகை. பயம் தெளிந்தால் இதை நீங்களே செய்யலாம். சுவரில் பெட்டி வடிவில் வெட்டித் திறப்பது இரண்டாம் வகை. ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். அதையும் கீழே சொல்கிறேன். சுவரை இடிப்பது, வாசலை அகலப்படுத்துவது, கான்கிரீட்டில் காடி வெட்டி மின்கம்பியைப் புதைப்பது எல்லாம் மூன்றாம் வகை. இதற்கு உங்கள் கை தேவையில்லை. இந்த இடத்தில் வரும் பயம் முழுக்க நியாயமானது, அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அனுமதி, நேரம், அக்கம்பக்கம்

வீவக வீட்டில் எந்தச் சுவரையும் இடிக்க வீவகவின் அனுமதி வேண்டும். பாரம் தாங்காத தடுப்புச் சுவராக இருந்தாலும் இதே விதிதான். அந்த வேலையை வீவகவிடம் பதிவுபெற்ற புதுப்பிப்புக் குத்தகையாளர்தான் செய்ய வேண்டும். எந்தச் சுவர் எப்படிப்பட்டது என்பதை வீட்டின் தளவரைபடத்தில் ஓரளவு பார்க்கலாம். கம்பி கட்டிய சுவர்களும் தூண்களும் பெரும்பாலும் கனத்த கோட்டிலோ அடர்த்தியான நிறத்திலோ வரையப்பட்டிருக்கும். ஆனால் வரைபடத்தைப் பார்த்து நீங்களாக முடிவெடுக்கக் கூடாது. உறுதிசெய்ய வேண்டியது வீவக.

படம் மாட்ட நாலு துளை போடுவதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கத் தேவையில்லை. நேரக் கட்டுப்பாட்டை மட்டும் மறக்க வேண்டாம். புதுப்பிப்புப் பணிகளைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் கூடாது. சுவர் உடைப்பது, ஓடு வெட்டுவது, தொடர்ந்து துளையிடுவது போன்ற பேரிரைச்சல் வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே இடம். தீபாவளி போன்ற பெரிய விடுமுறைகளுக்கு முந்தைய நாளிலும் அவற்றைச் செய்யக் கூடாது. தீபாவளிக்குள் வீட்டை அழகாக்கிவிட வேண்டும் என்று கடைசி வாரத்தில் டிரில்லைத் தூக்குகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

கான்கிரீட்டில் துளையிடும் சத்தம் மேலேயும் கீழேயும் இரண்டு மூன்று மாடி வரை கேட்கும். முதல் நாளே பக்கத்து வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தையோ இரவுவேலைக்குப் போகிறவரோ இருக்கும் வீடு என்றால் அவர்களுக்கு ஒத்துவரும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளலாம். இதைச் செய்துவிட்டாலே பாதிப் பதற்றம் போய்விடுகிறது. டிரில் ஓடும்போது யார் வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற நினைப்பு இருந்தால் கை உறுதியாக நிற்காது.

கூட்டுரிமை வீட்டில் (கொண்டோமினியத்தில்) இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும், வாய்வார்த்தை மட்டும் போதாது.

மூன்றாம் படி: சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

வழிகாட்டிகள் பலவும் வேகமாகத் தாண்டிச்செல்லும் இடம் இது. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுகிறது. பயத்தின் வேர் இங்கே இருக்கிறது: வெள்ளைச் சாயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமை.

சிங்கப்பூர் வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகைச் சுவர்களைப் பார்க்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட் ஒன்று. பழைய அடுக்குமாடிகளில் அறைகளைப் பிரிக்கும் செங்கல் சுவர் இன்னொன்று. பிற்காலத்து வீடுகளில் ஆலையில் வார்த்துக் கொண்டுவந்த இலேசான பலகைச் சுவர்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு நடுவே குழல் குழலாக வெற்றிடம் இருக்கும். நான்காவது, உலோகச் சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்த சுவர். புதிய கூட்டுரிமை வீடுகளிலும், அலுவலகங்களிலும், ஒரே அறையை இரண்டாகத் தடுத்த வீடுகளிலும் இது உண்டு.

ஈசூனில் என் அக்கா வீட்டில் பூஜைப் பலகை மாட்ட வேண்டியிருந்தது.

"தம்பி, இந்தச் சுவர் தாங்குமா?" என்று கேட்டார்.

"முதலில் தட்டிப் பாருங்கள் அக்கா."

வரவேற்பறையின் வெளிப்பக்கச் சுவரை விரல் கணுவால் தட்டினார். சத்தமே வரவில்லை; விரல்தான் வலித்தது. படுக்கையறைத் தடுப்பைத் தட்டியபோது ஓரிடத்தில் 'டொம்' என்றும் ஒரு சாண் தள்ளி 'டக்' என்றும் கேட்டது. பிறகு கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு வெள்ளைத் தாளை மடித்துச் சுவரில் ஒட்டி, அதற்கு மேலே மெல்லிய பிட்டால் (டிரில்லின் முனையில் மாட்டும் துளையிடும் கம்பி) சிறு துளை போட்டோம். முதலில் விழுந்தது வெள்ளைத் தூள், அது மேற்பூச்சு. பிட் இன்னும் கொஞ்சம் இறங்கியதும் தூள் சாம்பல் நிறமானது. அக்கா அதை விரலில் எடுத்துக் கோலமாவு போல நசுக்கிப் பார்த்தார். நறநறவென்று மணலாக உறுத்தியது. அதற்குப் பிறகு அவர் அந்தச் சுவரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது.

தூளின் நிறம் நம்பத்தக்க சாட்சி. சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், பிட் மெதுவாக, கடினமாக இறங்கினால் கான்கிரீட். சாம்பலாக இருந்தும் சுலபமாக இறங்கி, திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் குழல் பலகை. மாவாக வெள்ளைத் தூள் வந்து, 12 மில்லிமீட்டர் அளவிலேயே பிட் மறுபக்கம் போய்விட்டால் ஜிப்சம் பலகை. பலகை இரண்டு அடுக்காக இருந்தால் இன்னும் சற்று ஆழம் போகும். அடுத்த படியில் சொல்வதையும் பார்த்த பிறகே சோதனைத் துளையைப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் தேவைப்படாது; அதையே உங்கள் முதல் அடைப்புப் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான்காம் படி: உள்ளே ஓடுவது எது?

கம்பிகளும் குழாய்களும் சுவருக்குள் தம் போக்கில் அலைவதில்லை. புதைத்த மின்கம்பிகள் பொதுவாகப் பிளக் பாயிண்ட், சுவிட்ச், விளக்கு ஆகியவற்றிலிருந்து நேர் மேலாகவோ நேர் கீழாகவோ பக்கவாட்டிலோதான் செல்லும். எனவே ஒரு சுவிட்சைப் பார்த்தால் அதன் வழியாக மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும் மனத்தில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குத் துளையிட வேண்டாம். சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பாருங்கள். உங்கள் பக்கம் வெறுமையாக இருக்கும்; அடுத்த அறையில் அதே இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். பலர் தவறவிடும் இடம் இதுதான். குளியலறைக்கும் சமையலறைக்கும் பின்பக்கச் சுவரென்றால் குழாய்களுக்கும் இதே பார்வை வேண்டும்.

இது பொது வழக்கம்தான். முன்பு குடியிருந்தவர் அமர்த்திய ஆள் குறுக்கு வழியில் கம்பியை இழுத்திருக்கலாம். அதனால் கம்பியையும் உலோகத்தையும் கண்டறியும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள். வாங்கியதும் அதை முதலில் உங்களுக்குத் தெரிந்த இடத்தில், ஒரு சுவிட்சுக்கு நேர் மேலே, வைத்துச் சோதியுங்கள். அங்கே அது எப்படி ஒலிக்கிறது என்று காதுக்குப் பழகிய பிறகு துளையிடப்போகும் இடத்தில் நகர்த்துங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டில் கருவி அடிக்கடி கத்தும், ஏனென்றால் உள்ளே கம்பி வலையே இருக்கிறது. ஒழுங்கான இடைவெளியில் ஒலித்தால் அது பெரும்பாலும் கட்டுமானக் கம்பி. ஐயம் எழுந்தால் இடத்தை மாற்றுங்கள். படம் பத்து சென்டிமீட்டர் தள்ளி மாட்டினாலும் அழகாகத்தான் இருக்கும்.

கம்பி இல்லாத, மின்கலத்தில் ஓடும் டிரில் வைத்திருந்தால் இன்னொரு வசதி உண்டு. மின்பெட்டியில் அந்த அறைக்கான இணைப்பை அணைத்துவிட்டே வேலை பார்க்கலாம். பயப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது இதைத்தான். மின்சாரமே இல்லாத சுவரில் மின்சாரப் பயத்துக்கு வேலை இல்லை.

மின்பெட்டியைத் திறந்திருக்கும்போதே ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காப்பது அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் இது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கி, பொருத்த இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் 2025 ஜூலை 1இல் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் இல்லையென்றால் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அது பொருத்தப்படும்வரை துளை காத்திருக்கட்டும். இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அது தானாக அணைகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: அடைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சோதனைத் துளை இப்போது உங்கள் சுவரில் இருக்கிறது. டிரில்லைத் தள்ளிவைத்துவிட்டு அதை மூடுங்கள்.

வன்பொருள் கடையில் கலந்து வைத்த பட்டி (துளையை அடைக்கும் பசை) சிறு டப்பாவில் கிடைக்கும். அதோடு ஒரு பட்டித் தகடு, நுண்ணிய உப்புத்தாள் இரண்டு. துளையின் விளிம்பில் பெயர்ந்து நிற்கும் பூச்சைத் தகட்டின் முனையால் சுரண்டுங்கள். உள்ளிருக்கும் தூளை வெளியேற்றி, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். தூள் இருந்தால் பட்டி பிடிக்காது. பட்டியைத் தகட்டில் எடுத்துத் துளைக்குள் அழுத்தித் திணியுங்கள். மேலாகத் தடவிவிட்டால் பின்னால் வெற்றிடம் நின்று, சில நாளில் குழி விழும். முதல் பூச்சு காயும்போது சற்று உள்வாங்கும். அது இயல்பு. இரண்டாம் பூச்சைச் சுவர் மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலாக விட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துச் சமன்செய்யுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். மின்விசிறியைப் போட்டு ஓர் இரவு விடுங்கள்.

பிறகு கண்ணை மூடி உள்ளங்கையால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். மேடு கைக்குத் தெரிந்தால் கண்ணுக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் தேயுங்கள். சாயம்தான் கொஞ்சம் தொல்லை. பல ஆண்டு பழைய வெள்ளையும் புது வெள்ளையும் ஒன்றாக இராது. அதனால் கண்ணில் படும் சுவரில் ஒட்டுப்போட்டாற்போல் ஒரு புள்ளியில் மட்டும் பூசாமல், மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் பூசிவிடுவது நல்லது.

இதை ஒருமுறை செய்து முடித்தவர்களின் முகத்தில் வரும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். சுவர் என்பது கெட்டால் கெட்டதுதான் என்ற நினைப்பு அத்தோடு போய்விடுகிறது.

ஆறாம் படி: முதல் துளை

செங்கல்லுக்கும் இலேசான பலகைக்கும் அதிர்வு விசையுள்ள சாதாரண டிரில் போதும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குச் சுத்தியல் விசை கொண்ட கனமான டிரில் வேண்டும். அதை வாங்க வேண்டியதில்லை, யாரிடமாவது இரவல் கேளுங்கள். வலுவில்லாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு கான்கிரீட்டோடு மல்லுக்கட்டினால் பிட் சூடேறி மழுங்கும், துளை அகலும், கையும் நம்பிக்கையும் சேர்ந்து தளரும். பலருடைய பயம் இப்படித் தொடங்கியதுதான்.

பிட்டும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட். பிளக்கைப் பிட்டோடு ஒட்டிவைத்து, அதன் நீளத்துக்கு மேல் நான்கைந்து மில்லிமீட்டர் விட்டு, பிட்டில் காகித நாடாவைச் சுற்றுங்கள். அதுதான் உங்கள் எல்லை. நாடா சுவரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரியாமல் போவதே பயம். நாடா அந்தப் பயத்துக்கு அளவு வைத்துவிடுகிறது.

ரசமட்டம் வைத்து இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். புள்ளியாக வைக்காமல் கூட்டல் குறியாகப் போடுங்கள். துளை விழுந்த பிறகும் நான்கு முனைகளும் தெரிவதால் விலகியிருந்தால் கண்டுபிடிக்கலாம். குறியின் நடுவில் ஆணியை வைத்துச் சுத்தியலால் இலேசாகத் தட்டிச் சிறு குழி செய்யுங்கள். இல்லாவிட்டால் பிட் வழுக்கிச் சாயத்தைக் கீறிவிடும். குறிக்குக் கீழே தூள் விழ ஒரு தாளை மடித்து ஒட்டுங்கள். யாராவது உடனிருந்தால் தூசு உறிஞ்சியின் வாயைத் துளைக்கு அருகே பிடிக்கச் சொல்லுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 முகக்கவசம். கான்கிரீட், செங்கல், ஓடு ஆகியவற்றின் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கிக் கேடு செய்யும். ஒரே ஒரு துளைதானே என்று விட்டுவிட்டால் பழக்கமாகிவிடும்.

முழங்கையை விலாவோடு ஒட்டி நில்லுங்கள். டிரில் சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. முதல் சில நொடிகள் மிக மெதுவாக, அதிர்வு இல்லாமல். பிட் பிடித்துக்கொண்டதும் அதிர்வு விசைக்கு மாற்றி வேகத்தைக் கூட்டுங்கள். உடம்பின் எடையைப் போட்டு அழுத்த வேண்டாம். நடுநடுவே பிட்டை வெளியே இழுத்தால் தூளும் சேர்ந்து வந்துவிடும். சத்தம் காதில் அதிர்வது இயல்பு. பயமுறுத்துவது பெரும்பாலும் அதுதான், ஆபத்து அதில் இல்லை. கவனிக்க வேண்டியது சத்தத்தில் வரும் மாற்றம். 'கிர்ர்' என்று போய்க்கொண்டிருந்த பிட் 'கிணுங்' என்று உலோக ஒலி எழுப்பி, மேலே நகராமல் நின்றால் உள்ளே கம்பி இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். முண்டிக்கொண்டு போகக் கூடாது. நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி வேறு இடம் பார்த்துவிட்டு, இந்தத் துளையை மூடிவிடுங்கள். மூடத்தான் இப்போது தெரியுமே.

நாடா தொட்டதும், பிட் சுழன்றுகொண்டிருக்கும்போதே வெளியே எடுங்கள். தூளை உறிஞ்சுங்கள், வாயால் ஊதினால் கண்ணில் விழும். பிளக்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சுவர் மட்டத்துக்கு இறங்க வேண்டும். விரலால் தள்ளினாலே உள்ளே போய்விட்டால் துளை பெரிது. அடுத்த அளவுப் பிளக்கைப் போடுங்கள். குழல் பலகையிலும் ஜிப்சம் பலகையிலும் சாதாரணப் பிளக் நிற்காது. பின்பக்கம் விரிந்து பிடிக்கும் பிளக்குகள் அவற்றுக்கென்றே தனியாக உண்டு.

ஏழாம் படி: ஜிப்சம் சுவரை வெட்டித் திறப்பது

சுவருக்குள் அலமாரிக் குழி அமைக்கவோ பழுதுபார்க்கவோ வெட்ட வேண்டியிருந்தால்தான் இது. வீட்டுக்குள் நீங்களே எழுப்பிய தடுப்பு என்றால் தயக்கம் வேண்டாம். கட்டடத்தோடு வந்த சுவர் என்றால் முன்சொன்ன அனுமதியைக் கேட்ட பிறகுதான். இரு வீடுகளுக்கு இடையிலான சுவரென்றால் தொடவே கூடாது. தீயும் சத்தமும் கடக்காமல் தடுக்கும் பொறுப்பு அதற்கு உண்டு.

உலோகச் சட்டங்கள் பொதுவாக 400 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால் சட்டத்தில் பலகையை முடுக்கிய திருகாணிகளில் அது ஒட்டும். சட்டங்களை வெட்டாமல், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் செவ்வகம் வரையுங்கள். அந்த அறையின் மின்சாரத்தை அணையுங்கள். செவ்வகத்தின் நடுவில் ஒரு துளை போட்டு, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிலும் துழாவுங்கள். எதிலும் இடித்தால் அது என்ன என்று தெரியும்வரை வெட்டக் கூடாது. துளையைக் கைபேசியின் ஒளியும் கண்ணும் நுழையும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

கூரிய கத்தியால் கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை கீறுங்கள். பிறகு சிறு கைரம்பத்தால், பலகையின் கனத்துக்கு மட்டும், சாய்வாக அறுங்கள். மின்ரம்பம் வேகமானது, முதல் முறை செய்பவருக்குக் கைரம்பமே ஏற்றது, ஏனென்றால் முனையில் ஏதாவது தட்டினால் கைக்கு உடனே தெரியும். வெட்டிய துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். வேலை முடிந்ததும் திறப்புக்குப் பின்னால் இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்காக வைத்துத் திருகி, அதே துண்டை அவற்றின்மேல் முடுக்கி, விளிம்பில் வலைநாடா ஒட்டிப் பட்டி பூசிவிட்டால் சுவர் பழையபடி ஆகிவிடும்.

இந்த இடங்களில் கை வேண்டாம்

தடித்த இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பறையின் (அவசரகாலத்தில் வீட்டுக்குள் பதுங்குவதற்கான அறை) கதவு, சட்டம், காற்றுக்குழாய் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அதன் சுவரில் எதை எந்த அளவுக்குச் செய்யலாம் என்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் கண்டிப்பான வரம்புகள் உண்டு. தரையில் நிற்கும் அடுக்கை வைத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கிறது. புதிய வீவக வீடுகளில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரையையும் சுவர் ஓடுகளையும் பெயர்க்கத் தடை இருப்பதற்கு அதுவே காரணம். கண்ணாடியும் துண்டுக் கம்பியும் மாட்ட ஒட்டும் வகைகளே போதும். ஓட்டில் துளையிட்டே ஆக வேண்டுமென்றால் ஓட்டுக்கான பிட்டைப் போட்டு, ஓடு முழுக்க ஊடுருவும்வரை அதிர்வு விசை இல்லாமல் இறங்குங்கள். கூரைத்தளத்துக்குள் விளக்குக்கான மின்குழாய்கள் புதைந்திருக்கும் என்பதால் மின்விசிறி மாட்டும் வேலையை மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். எரிவாயுக் குழாய் ஓடும் சுவர் பக்கமும் போக வேண்டாம்.

தப்பித் தவறி ஏதாவது நடந்தால்

தொடங்கும் முன்பே தண்ணீரை மூடும் வால்வும் மின்பெட்டியும் எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். வால்வு இறுகிப்போய்த் திரும்பாமல் இருக்கலாம். ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

மின்சாரம் பட்டென்று போனால் டிரில்லை அப்படியே விட்டுவிட்டு விலகுங்கள். முதன்மைச் சுவிட்சை அணையுங்கள். துளைக்குள் விரலோ திருப்புளியோ விட்டுப் பார்க்காமல் மின்பணியாளரை அழையுங்கள். தண்ணீர் பீறிட்டால் முதலில் வால்வு, பிறகு மின்சாரம், பிறகு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர். எரிவாயு வாடை வந்தால் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறிய பிறகே தொலைபேசியை எடுங்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தால், பதற்றத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

எடை ஏற்றுவது

பலகையை மாட்டியதும் முழுப் பாரத்தையும் வைக்க வேண்டாம். கையால் முன்பக்க விளிம்பைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே கீற்றாக இடைவெளி திறந்தால் திருகாணி பிடிக்கவில்லை. திறக்கவில்லையென்றால், வைக்கப்போகும் எடையில் பாதியை, உடையாத பொருளாகப் பார்த்து, ஓர் இரவு வைத்துவிடுங்கள். அரிசி மூட்டை இதற்கு வசதி. காலையில் இடைவெளி இல்லை, ரசமட்டத்தில் குமிழி நடுவிலேயே நிற்கிறது என்றால் மீதியையும் ஏற்றலாம். பூஜைப் பலகையாக இருந்தால் விளக்குச் சுடருக்கு மேலே வேறு பலகையோ திரைச்சீலையோ வராதபடி உயரத்தை முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துத் திருப்புளியை எடுத்து எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.